சென்னை மாநகரின் உணவுச்சாலைகளும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, கைத்தொழில், வாணிபம், திருமணச் செலவு முதலிய பொருள்களைக் குறித்துப் பேசப்பெறும் இம்மேடையில், உணவுக் கடைகளைப்பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நாவின் சுவை வீட்டோடு நிற்பது. சங்கத்துக்கும் அதற்கும் யாது சம்பந்தம் என்று கேட்கவுங்கூடும். நம் நாட்டில் ஒரு சாதி தன்னை வேறு சாதியினின்றும் பிரித்துக் காட்டிக்கொண்ட இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று மணப்பந்தல், மற்றொன்று சோற்றுப்பந்தி. யாருடன் உண்பது, யார் கையால் உண்பது, யார் பார்க்க உண்பது என்னும் கேள்விகளே பல நூற்றாண்டுகளாக நம் சமூக வாழ்க்கையின் எல்லைக் கற்களாய் நின்றன. அவ்வெல்லைக் கற்களில் ஒரு பகுதியைச் சந்தடியின்றிப் பெயர்த்தெறிந்தவை நகரத்து உணவுச்சாலைகளேயாம். ஆதலின் அவற்றின் வரலாறு சாதிச் சங்கத்தார் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியதொன்று என்பது நம் கருத்து.

விலைக்கு உணவு விற்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் இருந்தனர் என்பதைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அதே பகுதியில்தான் யவனர் முதலிய வேற்று நாட்டார் இருப்பிடங்களும் இருந்தனவாக அந்நூல் காட்டும். பல தேசத்து மக்கள் வந்து கூடும் துறைமுகத்திலேதான் பலவகை உணவும் விலைக்கு வரும் என்பதற்கு இஃது ஒரு பழஞ்சான்று. ஆயினும் பிற்காலத்தில், சமைத்த சோற்றை விலை கூறி விற்பது இழிவு என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியது. வழிச்செல்வோர் கட்டுச்சோறு எடுத்துச் சென்றனர். அல்லது சத்திரங்களில் தங்கினர். சத்திரங்களிலும் இன்னாருக்கு உள்ளே, இன்னாருக்குத் திண்ணையிலே, இன்னாருக்கு வெளியே என்ற வகுப்புப் பாகுபாடு பெரும்பாலும் இருந்து வந்தது. தருமம் செய்தவர் மனம் பெரிதாயினும், தருமம் நடந்த கூடத்தில் சுவர்கள் இருந்தன.

இந்நிலையை மாற்றியது நகரவாழ்வு. 1639இல் ஆங்கில வாணிபக் குழுவார் கடற்கரை மணலில் ஓரிடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபின், நெசவாளர், துபாஷிகள், கணக்கர், கூலியாட்கள், படைவீரர் என்று நாலா திசையிலிருந்தும் மக்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். காலப்போக்கில் கலாசாலைகளும் கச்சேரிகளும் இரயில் நிலையங்களும் ஏற்பட்டன. மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்து வேலை பார்க்கும் ஆடவர் ஆயிரக்கணக்கில் பெருகினர். அவர்கள் எங்கே உண்பது? சொந்தச் சாதியார் வீட்டைத் தேடித் தேடி எத்தனை நாள் உண்ண இயலும்? இக்கேள்விக்கு விடையாகத் தோன்றியவையே காபி கிளப்புகளும், மாதக் கணக்கில் பணம் கட்டி உண்ணும் மெஸ்களும், புலால் உணவு கிடைக்குமென்பதை அறிவித்த மிலிட்டரி ஹோட்டல்களும் ஆகும். திருவல்லிக்கேணியில் இன்றும் பல மெஸ்கள் இருப்பதற்குக் காரணம், மணமாகாத ஆடவர் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்கள் அங்கே நெருங்கியிருப்பதுதான். ஓரிடத்தில் எவ்வகை மக்கள் வாழ்கின்றனரோ அவ்வகை உணவுக்கடை அங்கே முளைக்கும். ஆகையால் ஒரு நகரத்தின் உணவுக்கடைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு சென்றால், அந்நகரத்துக்கு யார் யார் எப்பொழுது எதன்பொருட்டு வந்தார்கள் என்னும் சரித்திரம் முழுவதும் கண்ணுக்குப் புலனாகும்.

முதலில் உடுப்பியாரைக் கூறுவோம். தென் கன்னட மாவட்டத்தின் மடங்களிலும் கோயில்களிலும் சமையற்கலை நெடுங்காலமாகச் சிறந்து விளங்கியது. அப்பகுதியில் வறிய குடியிற் பிறந்த கே. கிருஷ்ணராவ் என்பார் சென்னைக்கு வந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்து தொழில் கற்று, படிப்படியாக உயர்ந்து, 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். 1962இல் கதீட்ரல் சாலையில் அவர்கள் நடத்தத் தொடங்கிய டிரைவ்-இன் உணவகம், வண்டியிலிருந்தபடியே சிற்றுண்டி உண்ணும் வசதியால் நகரெங்கும் பெயர் பெற்றது. எழுத்தாளரும் வணிகரும் மாணவரும் ஒரு குவளைக் காப்பியுடன் நெடுநேரம் உரையாடிக்கொண்டிருக்கும் பொதுச் சாவடியாகவும் அஃது இருந்தது. 2008இல் அது மூடப்பட்டது. 2010இல் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா எழுந்தது. இவ்வரலாற்றில் இளைஞர் கவனிக்க வேண்டியது, அம்மி ஆட்டுக்கல்லோடு தொழிலைத் தொடங்கியவர் பெரிய விடுதிகளுக்கு அதிபரானார் என்பதாகும். தொழிலில் இழிவில்லை, இழிவென்று எண்ணி ஒதுங்குவதிலேதான் நஷ்டம் உண்டு.

மயிலாப்பூரில் அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ், இடத்தால் மிகச் சிறியது. ஆயினும் அதன் கெட்டிச் சட்னிக்காகவும் பொங்கலுக்காகவும் காலையில் மக்கள் காத்து நிற்கின்றனர். ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்தி வரும் கடை அது. கிளைகள் பல திறந்து பெருகவேண்டுமென்ற ஆசையின்றி, அன்றன்று அரைத்த மாவு தீர்ந்தவுடன் கடையை மூடும் இயல்புடைய இத்தகைய கடைகளே ஒரு நகரத்துக்குச் சுவை தருகின்றன. எண்ணூறு பேருக்குச் சமைப்பதற்கும் எண்பது பேருக்குச் சமைப்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் அளவில் மட்டும் இல்லை. உளுந்தின் பதமும், மாவு புளிக்கும் நேரமும், அன்றைய வெயிலும் குளிரும் ஆகிய இவற்றையெல்லாம் கையால் தொட்டு அறிந்து மாற்றிக்கொள்ளும் ஒருவர் அடுப்பருகில் நிற்கவேண்டும். அவர் நிற்கும் வரையில்தான் அந்தச் சுவை நிற்கும்.

இனித் திருவல்லிக்கேணிக்கு வருவோம். அங்கே 1948இல் தோன்றிய ரத்னா கபே, இட்டிலியின்மேல் சாம்பாரைத் தாராளமாக ஊற்றித் தருவதற்குப் பெயர் பெற்றது. சாம்பார் என்றால் தென்னாட்டாரின் தனியுரிமை என்று நாம் எண்ணுகிறோம். அக்கடையைத் தோற்றுவித்தவர்களோ வட இந்தியாவிலிருந்து வந்த குப்தா குடும்பத்தார்! வடக்கே பிறந்தவர் தெற்கத்திக் குழம்பைச் செய்து தெற்கத்தியாரையே மயக்கினார் எனின், சுவை என்பது இரத்தத்தில் வருவது என்று கூறுவோர் யாது விடை சொல்வர்? சுவை கையில் இருக்கிறது, கவனத்தில் இருக்கிறது, உண்பவர்மேல் வைத்த மதிப்பில் இருக்கிறது. அதே வட்டாரத்தில் சேப்பாக்கத்தில் 1961 முதல் நாயர் மெஸ் மலையாளத்துச் சோறும் மீன் கறியும் வழங்கி வருகின்றது. ஆர்க்காட்டு நவாபின் அரண்மனையும், 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலும் உள்ள அப்பகுதியில் பிரியாணியின் மணம் என்றும் நீங்குவதில்லை.

அப்பள்ளிவாசலைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே சொல்லாமற் செல்ல மனமில்லை. 1947இன் தேசப் பிரிவினையால் சிந்து நாட்டை விட்டு வந்த இந்துக்களில் ஒரு சாரார் சூஃபிதார் என்னும் அறநிலையம் அமைத்துள்ளனர். அவர்கள் பல்லாண்டுகளாக, ரமலான் மாதத்தில் அப்பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் இஸ்லாமியச் சகோதரர்களுக்குத் தாமே மரக்கறி உணவு சமைத்துக் கொண்டுவந்து, தம் கையாலேயே பரிமாறி வருகின்றனர். மதப் பகையால் வீடிழந்த மக்கள், அப்பகைக்கு மறுமொழியாகச் சோறு இடுகின்றனர். இது கடையன்று, காசுக்கு விற்பதுமன்று. ஆயினும் பந்தி என்ற ஒன்றினால் மனிதர் எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு நம் நகரத்திலேயே உள்ள சாட்சி இது.

மவுண்ட் ரோட்டில் 1951இல் ஏ.எம். புகாரி அவர்கள் தொடங்கிய புகாரி ஹோட்டல், இஸ்லாமியர் இல்லத்துச் சமையலை எல்லா வகுப்பாருக்கும் பொதுவாக்கியது. இன்று இந்தியா முழுவதும் பரவியுள்ள சிக்கன் 65 என்னும் பண்டம் 1965இல் தம் கடையிலேயே முதன்முதல் செய்யப்பட்டதென அவர்கள் கூறுவர். மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள் தம் ஊர்த்தெய்வமாகிய முனியாண்டியின் பெயரால் நடத்தும் முனியாண்டி விலாஸ்களும் சென்னை முதலாகப் பல ஊர்களிலும் உள்ளன. 1930களில் சுப்பாநாயுடு என்பார் காரியாபட்டியில் தொடங்கிய ஒரு கடையே இவற்றுக்கு மூலம். பெயர் ஒன்றாயினும் முதலாளி ஒருவரல்லர். ஒவ்வொரு கடையும் ஒரு குடும்பத்தின் சொந்த முயற்சி. நாள்தோறும் முதலில் உண்பவர் தரும் பணத்தைக் கோயிலுக்கென எடுத்துவைக்கும் வழக்கமும், ஆண்டுக்கொருமுறை உரிமையாளரெல்லாம் தம் ஊரில் கூடி, முனியாண்டிக்குப் பொங்கலிட்டு, வருவோர்க்கெல்லாம் பிரியாணியைப் பிரசாதமாக வழங்கும் வழக்கமும் அவர்களிடையே உண்டு. ஒருவர் தொழில் கற்றுத் தனிக்கடை வைக்க முயலும்போது ஊராரும் உறவினரும் கைகொடுத்ததனாலேயே இது பெருகியது. சங்கம் என்று பலகை மாட்டாமலே சங்கத்தின் வேலையை அவர்கள் செய்தனர்.

சௌகார்பேட்டையில் குஜராத்திகளும் மார்வாடிகளும் வாழும் தெருக்களில் ஜிலேபியும் கச்சோரியும் சுடச்சுட விற்கின்றன. அங்கே ஒரு விந்தைப் பண்டமும் உண்டு. நம் முறுக்கு இரண்டினிடையே வெள்ளரியும் தக்காளியும் சட்னியும் வைத்து, அதனை முறுக்கு சாண்ட்விச் என்று விற்கின்றனர். வடவர் சட்னியும் தென்னவர் முறுக்கும் ஆங்கிலேயர் பெயரும் ஒரே தட்டில் அமர்ந்திருக்கின்றன. அம்மூவரும் சென்னையிலன்றி வேறெங்கே இவ்வாறு ஒன்றுகூடுவர்?

கடற்கரைச் சாலையை அடுத்துள்ள பர்மா பஜாரின் கதை துயரம் தோய்ந்தது. தமிழர் பலர் பர்மா தேசத்தில் வட்டித் தொழில் நடத்தினர்; அவரினும் பலர் அரிசி ஆலைகளிலும் துறைமுகத்திலும் கூலிவேலை செய்தனர். 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது கால்நடையாகக் காடும் மலையும் கடந்து வந்தோர் ஆயிரமாயிரம் பேர். வழியிலேயே மாண்டோர் பலர். மீண்டும் அங்கே சென்று குடியேறியவர்களும், போகாது தங்கியிருந்தவர்களும், 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் வாணிபம் தேசவுடைமையாக்கப்பட்டபோது வெறுங்கையராய்க் கப்பலேறினர். பொருளையெல்லாம் விட்டு வந்தோர் கொண்டுவந்த ஒரே சொத்து, நாவில் இருந்த நினைவு. அந்நினைவே இன்று அத்தோ என்ற பெயரில் தள்ளுவண்டிகளில் விற்கிறது. பர்மிய மொழியில் அச்சொல்லுக்குக் கலந்து பிசைந்தது என்று பொருள். மாவிழைகளுடன் கோசும் வெங்காயமும் புளிநீரும் பூண்டெண்ணெயும் பொரித்த பேஜோவும் சேர்த்துக் கையால் பிசைந்து, வாழைத்தண்டு இட்ட சூப்புடன் தருவர். தொடக்கத்தில் பர்மாவிலிருந்து மீண்டவர்களே கூடி உண்ட இவ்வுணவை, இப்போது பர்மா எத்திசையில் இருக்கிறதென்றறியாத இளைஞரும் விரும்பி உண்கின்றனர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்த சகோதரர்களாலும் நகரின் மேற்குப் பகுதிகளில் இடியாப்பமும் சம்பலும் கொத்து ரொட்டியும் தரும் கடைகள் தோன்றின. வீடிழந்தவர் நகரத்துக்கு உணவு தருவதும், நகரம் அவர்க்குப் பிழைப்பளிப்பதும் சென்னையின் வழக்கமாயிற்று.

இதுவரையிற் கூறியது இனிப்புப் பகுதி. கசப்புப் பகுதியையும் கூறுதல் வேண்டும். ஏனெனில், நகரத்தில் உணவுக்கடை தோன்றிய நாளிலேயே எல்லாரும் சமமாக உட்கார்ந்து உண்டுவிட்டார்கள் என்று எண்ணுவது பிழை.

காபி கிளப்புகள் பலவற்றில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் இருந்தன. ஆதிதிராவிட மக்களுக்கோ பல கடைகளில் எவ்விடமும் இல்லை. காசு மட்டும் எல்லார் கையிலும் ஒன்றாகவே இருந்தது; அதைக் கல்லாப்பெட்டி வேற்றுமையின்றி ஏற்றுக்கொண்டது! இரயில் நிலைய உணவுச்சாலைகளிலும் இப்பிரிவினை நடந்து வந்தது. பொதுமக்கள் பணத்தால் ஓடும் இரயிலில் ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள், இறங்கியவுடன் இரு வாயில்களின் வழியே உண்ணச் சென்றனர். பெரியார் ஈ.வெ. இராமசாமி அவர்களும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து செய்த கிளர்ச்சியின் பயனாக 1941இல் இம்முறை நீக்கப்பெற்றது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த பிராமணாள் என்னும் சொல்லை நீக்கவேண்டுமென்று அவர் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நடைபெற்றது. தொண்டர் பெருந்தொகையினர் சிறை புகுந்தனர். முடிவில் அச்சொல் பலகையினின்றும் நீங்கியது.

சட்டமும் துணைக்கு வந்தது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் சாதி மதம் காரணமாக எவரையும் தடுக்கலாகாதென்று கூறுகின்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம், உணவுச்சாலையில் நுழைவதைத் தடுப்பதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவொட்டாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. இத்தனைக்குப் பின்னும், சில சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றொரு சாராருக்குத் தனிக் குவளையும் வைக்கும் கொடுமை முற்றிலும் மறைந்ததென்று எவரும் சொல்லமுடியாது. மேலே இருந்தோர் தம்மை விலக்கியதை எதிர்த்துப் போராடிய சாதியார் பலர், தமக்குக் கீழென்று தாம் கருதியவர்களைத் தம் ஊர்க் கடை வாயிலில் நிறுத்தியே வைத்தனர். சாதிச் சங்கங்கள் பலவும் முதல் அநீதியைக் குறித்து மலர்கள் வெளியிட்டன; இரண்டாவது அநீதியைக் குறித்து மௌனம் சாதித்தன. இம்மௌனம் கலைய வேண்டும் என்பதற்காகவே இப்பொருளை இம்மேடையில் எடுத்துக்கொண்டோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எல்லாரும் எல்லாரோடும் எங்கும் உண்பதானால், நம் குலத்துக்கே உரிய சமையல், நம் பாட்டிமார் கைப்பக்குவம், நம் நோன்பு நாட்களின் தனிப் பலகாரம் ஆகிய இவையெல்லாம் அழிந்துபோகாவோ என்று பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஒரு சமூகத்தின் சமையல் அதன் நிலத்தையும் தொழிலையும் வறுமையையும் வளத்தையும் காட்டும் ஏடு. அதனை இழத்தல் பெரிய இழப்பேயாகும். ஆனால் மேலே கூறிய வரலாறு இவ்வச்சத்துக்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கிறதன்றோ?

அத்தோவைப் பர்மாவிலிருந்து வந்தவர்கள் தமக்குள்ளேயே செய்து தமக்குள்ளேயே உண்டு வந்திருப்பார்களாயின், அக்கிழவிமாரோடு அது மறைந்திருக்கும். ஊரார் அனைவருக்கும் விற்றதனால் அது வாழ்கிறது. உடுப்பிச் சமையல் மடத்துச் சுவருக்குள்ளேயே நின்றிருக்குமாயின் அதன் பெயரை உலகம் அறிந்திராது. வடக்கம்பட்டியார் தம் ஊர்ப் பக்குவத்தைத் தம் இனத்தார்க்கு மட்டும் இட்டிருப்பாராயின் ஒரு கடையும் ஒரு மாதம் நிலைத்திராது. ஆகவே ஒரு சமையலைக் காப்பாற்றுவது அதைப் பூட்டி வைப்பதன்று. அதைப் பலருக்குப் பரிமாறுவதே. சுவையில் வேற்றுமை இருக்கட்டும், அது வளம். அமரும் இடத்தில் வேற்றுமை வேண்டா; அது வன்மம். இலையில் உள்ள வேற்றுமையைக் காப்பதற்காகப் பந்தியில் வேற்றுமை வேண்டுமென்று கூறுவோர், இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றென மயங்குகின்றனர். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி, வந்தவர் குலத்தைக் கேட்டறிந்து அன்னம் சுரக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ளல் நலம்.

இனி, இத்தகைய தனிக்கடைகளுக்கு இக்காலத்தில் நேர்ந்துள்ள இடுக்கண்களையும் சிறிது கூறவேண்டும். முதலாவது, வாடகை. பெரும்பாலான சிறு கடைகள் பிறர் கட்டிடத்தில் இருப்பவை. நகரில் நிலவிலை ஏற ஏற, இட்டிலி விற்ற இலாபம் வாடகைக்கே போதாமற் போகிறது. புகழ் பெற்ற டிரைவ்-இன் உணவகமே தன் சொந்த நிலத்தில் இல்லாமையால் மூடப்பட்டதென்றால், சிறு கடையின் நிலை சொல்லவேண்டுவதில்லை. இரண்டாவது, கைப்பேசி வழியாக வீட்டுக்கே உணவு வருவிக்கும் நிறுவனங்கள். அவற்றால் விற்பனை பெருகுவது உண்மையே. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்திலும் அவை பெறும் தரகு, சிறு கடையின் இலாபத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றது. அன்றியும், வீட்டில் தனித்திருந்து பொட்டலம் பிரிப்பவர், அயலாரோடு ஒரே பலகையில் அமர்ந்து உண்ணும் பழக்கத்தை இழக்கின்றனர். நூறாண்டு முயன்று பெற்ற பொதுப்பந்தியை, எவரும் தடுக்காதபோதே நாமாக விட்டுவிடுகின்றோம். மூன்றாவது, 2020இல் வந்த பெருந்தொற்று. ஊரடங்கினால் அடுப்பணைந்த கடைகளிற் பல மீண்டும் அடுப்பேற்றவேயில்லை.

நான்காவதும் முக்கியமானதுமாவது, ஆட்பஞ்சம். சரக்கு மாஸ்டரின் மகன் சரக்கு மாஸ்டராக விரும்புவதில்லை. நாள் முழுதும் அனலில் நிற்பவருக்கு நாம் தந்த மரியாதை அவ்வளவே. ஆதலால் இன்று நம் கடைகளில் தோசை வார்ப்போரும் மேசை துடைப்போரும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கு மாகாணங்களிலிருந்தும் வருகின்றனர். ஒரு காலத்தில் நம்மவர் இரங்கூனுக்கும் கொழும்புக்கும் சென்று எந்நிலையில் இருந்தனரோ அந்நிலையிலேயே இவர்கள் இங்கே இருக்கின்றனர். மொழியறியாத அவ்விளைஞரை ஏவல் மொழியால் அதட்டுவதும், எட்டுப் பேரை ஓரறையில் அடைப்பதும், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை அவர்க்கிடுவதும் நமக்குத் தகுமா? இரட்டைக் குவளை கடை வாயிலினின்றும் நீங்கி, சமையற்கட்டின் பின்புறத்தில் புகுந்துகொள்ள நாம் இடங்கொடுக்கலாகாது. நம் சங்கத்தாரில் உணவுச்சாலை நடத்துவோர் சிலர் உள்ளனர். அவர்களுக்கு இதனை அன்புடன் விண்ணப்பித்துக் கொள்கிறோம்.

பேசுவதோடு நில்லாது செய்யத்தக்கவை நான்கினைச் சங்கத்தின் ஆலோசனைக்கு வைக்கின்றோம்.

முதலாவதாக, நம் சமூகத்து வீடுகளில் வழங்கும் பலகாரங்கள், குழம்பு வகைகள், பிள்ளைப்பேற்று மருந்துணவுகள் ஆகியவற்றை மூத்த தாய்மாரிடம் கேட்டு, அளவும் பக்குவமும் பிழையாது எழுதி, இச்சஞ்சிகையில் மாதம் ஒன்றாக வெளியிட வேண்டும். கைப்பிடி என்றும் கண்ணளவு என்றும் அவர்கள் கூறுவதைப் படியிலும் பலத்திலும், இக்காலத்துக் கிராமிலும் நிறுத்துக் குறித்தல் அவசியம். ஏட்டில் ஏறாத பக்குவம் அவர்களுடனே போய்விடும்.

இரண்டாவதாக, சிறு உணவுக்கடை வைக்க விரும்பும் நம் இளைஞர்க்கும், குறிப்பாகக் கைம்பெண்களுக்கும், சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் தரவேண்டும். கடையின் முன்பணத்துக்கும் மாவரைக்கும் கிரைண்டருக்கும் வேண்டிய தொகை, ஓர் ஆடம்பரத் திருமணத்தின் பந்தற் செலவினும் குறைவாகவே இருக்கும். கடன் பெறுவோர் எவரையும் வேற்றுமையின்றி அமரச் செய்து உணவளிப்பதாக ஒப்பவேண்டும் என்பது ஒரு நிபந்தனையாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, நம் சங்க மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தைப் பிற சமூகத்து ஏழை மாணவர்க்கும் திறந்துவிட வேண்டும். அறைகள் நம் பிள்ளைகளுக்கென நன்கொடையாளரால் ஏற்பட்டவை என்பது உண்மை. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் உணவுக்கூடத்தில் இடமிருக்கிறது. அண்டாவில் சோறும் இருக்கிறது. அயல் தெருவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளை, அவன் எக்குலத்தவனாயினும், உரிய மாதப் பணம் கட்டி நம் பிள்ளைகளோடு உண்ணட்டும். நம் பிள்ளைகள் நாளைக்கு வேலை பார்க்கப்போவது நம் சாதியார் நடுவிலன்று. ஆகையால் பல வகுப்பாரோடு பழகுவதை இன்றே உண்ணும் பந்தியில் கற்பது அவர்களுக்கு நன்மை.

நான்காவதாக, நம் ஆண்டுவிழா விருந்தில் ஒரு மாறுதல். சமைத்தவரும், பரிமாறியவரும், இலை எடுத்துத் துப்புரவு செய்தவரும் கடைசியில் சமையற்கட்டிலே நின்றுகொண்டு உண்ணும் வழக்கம் இவ்வாண்டுடன் நிற்கவேண்டும். முதற்பந்தியிலேயே அவர்களிற் பாதிப்பேர் தலைவர் முதலியோருடன் ஒரே வரிசையில் அமர, நிர்வாகிகள் பரிமாறட்டும். இரண்டாம் பந்தியில் மற்றப் பாதிப்பேர் அமரட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. சிறிது மனம் மட்டும் வேண்டும்.

இவற்றுள் மூன்றாவதையும் நான்காவதையும் சிலர் எதிர்ப்பர் என்பதை நாம் அறிவோம். முன்னோர் வழக்கம் என்பர். நம் முன்னோரிற் பலர் விலக்கப்பட்டுப் புறத்தே நின்றவர்கள். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம், பிறரைப் புறத்தே நிறுத்தாதே என்பதாகத்தான் இருக்கமுடியும். சங்கத்தார் இப்பிரேரணைகளை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் விவாதித்துத் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எதிர்ப்புடையோரும் அங்கே வந்து தம் காரணங்களை எடுத்துரைக்க வேண்டும். வாதம் முடிந்தபின் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு செல்லலாம்.